அதே மோடம், வேறோர் எண்: டயல்-அப் அறிவிப்புப் பலகைகள் ஓய்ந்த விதம்

தொலைபேசி வழியே, கணினித் தரவை ஒலியாக்கி அனுப்பும் மோடம் என்ற கருவி கொண்டு அழைத்துச் சேரும் கணினி அறிவிப்புப் பலகைகளை, அதாவது பி.பி.எஸ். என்று அன்று சுருக்கமாகச் சொல்லப்பட்டவற்றை, இணையம் வந்து விழுங்கிவிட்டது என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த வரி பொய்யன்று. ஆனால் ஏன் விழுங்கியது, ஏன் அவ்வளவு விரைவாக விழுங்கியது என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடையாது. 1994-இல் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 60,000 பலகைகள் இயங்குவதாகவும் அவற்றை 1.7 கோடிப் பேர் பயன்படுத்துவதாகவும் கணினிப் பத்திரிகை மதிப்பீடு ஒன்று கூறியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த எண்களில் பெரும்பாலானவற்றை அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அல்லது அந்த எண்ணைப் புதிதாகப் பெற்ற யாரோ ஒருவர் எடுத்து, காதில் விழும் மோடத்தின் மௌனத்தைக் கேட்டுவிட்டு வைத்தார். படங்களும் வண்ணங்களும் கொண்ட வலைப்பக்கம் எழுத்து மட்டுமே கொண்ட பலகையை வென்றது என்பதே வழக்கமான விளக்கம். அது போதாது என்று நினைக்கிறேன். பலகைகளைத் தோற்றுவித்தது உள்ளூர் அழைப்புக் கட்டணம். அவற்றை முடித்துவைத்ததும் அதே கட்டணந்தான். இதைப் புரிந்துகொள்ள, திரையில் என்ன தெரிந்தது என்பதைவிடத் தொலைபேசி இணைப்புக்கு யார், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரு பலகைக்குத் தேவைப்பட்டவை மிகக் குறைவு: ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு, அழைப்பை ஏற்றுப் பதில் சொல்லும் ஒரு மென்பொருள். பெரும்பாலும் இவை ஒரு வீட்டின் படுக்கையறையிலோ வண்டி நிறுத்தும் கொட்டகையிலோ இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருந்தன. அழைப்பவர் தம் கணினியிலிருந்து எண்ணைச் சுழற்றுவார். மறுமுனை மோடம் எடுக்கும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்தால், முன்னர் வந்தவர்கள் எழுதி வைத்த செய்திகளைப் படிக்கலாம், பதில் எழுதலாம், கோப்புகளை இறக்கலாம், விளையாடலாம். இணைப்பு ஒன்றுதான் என்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அவர் விடைபெறும்வரை மற்ற எல்லோருக்கும் 'பிஸி' ஒலிதான். அதனால் நாளொன்றுக்கு ஒருவருக்கு இத்தனை நிமிடம் என்ற வரம்பு ஏறக்குறைய எல்லாப் பலகைகளிலும் இருந்தது. காலையில் கேட்ட கேள்விக்கு மாலையில் பதில் வந்திருக்கும். சில சமயம் மறுநாள் வரும்.

இதை நடத்தியவரைச் 'சிஸ்ஆப்' என்றார்கள். இன்று எந்த இணையதளத்தையும் நடத்துபவருக்கும் அவருக்கும் இருந்த வேறுபாட்டை ஒரே காட்சியில் காட்டிவிடலாம். அழைத்தவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் சிஸ்ஆப்பின் திரையிலும் அதே கணத்தில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் ஒரு வாக்கியத்தைத் தட்டி, தயங்கி, அழித்து, வேறு விதமாக எழுதுவதை அவர் தம் வீட்டில் அமர்ந்தபடி பார்க்க முடியும். ஒரு விசையை அழுத்தினால் அழைத்தவரின் திரையில் தாமே தோன்றி நேரடியாகப் பேசவும் முடியும். அந்தரங்கம் என்ற அளவில் இது கவலைக்குரியதுதான். ஆனால் வருகிறவர்கள் யார், எந்த நேரத்தில் வருவார்கள், எதைப் பற்றிப் பேசுவார்கள் என்பதைச் சிஸ்ஆப் முகம் தெரியாமலே அறிந்திருந்தார் என்பதும் உண்மை.

முதல் பலகை தோன்றிய கதையிலேயே கட்டணத்தின் பங்கு தெரிகிறது. 1978 ஜனவரியில் சிகாகோ நகரைக் கடும் பனிப்புயல் முடக்கியது. அந்நகரக் கணினி ஆர்வலர் சங்கத்தைச் சேர்ந்த வார்டு கிறிஸ்டென்சன், வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாட்களில், சங்கத்தின் செய்திமடலுக்கு வேண்டியவற்றை உறுப்பினர்கள் தொலைபேசி வழியே தாங்களே எழுதி வைக்க ஓர் ஏற்பாடு செய்தால் என்ன என்று நண்பர் ராண்டி சூஸிடம் பேசினார். சூஸ் வன்பொருளைக் கோத்தார். கிறிஸ்டென்சன் நிரலை எழுதினார். 1978 பிப்ரவரி 16 அன்று அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. சங்கத்தில் உறுப்பினர்கள் அறிவிப்புகளைக் குத்தி வைத்த பலகையைப் பார்த்துத்தான் 'கணினி அறிவிப்புப் பலகை' என்று பெயர் வைத்தார்கள். தொலைபேசி மணி அடித்ததும் கணினி புதிதாகத் துவங்கி, ஃபிளாப்பியிலிருந்து நிரலை ஏற்றிக்கொள்ளும்படி சூஸ் அமைத்திருந்தார். அந்தக் கணினி கிறிஸ்டென்சன் வீட்டில் வைக்கப்படாமல் சூஸ் வீட்டில் வைக்கப்பட்டதற்குக் காரணம், நகரின் எந்தப் பகுதியிலிருந்து அழைத்தாலும் அங்கே தொலைதூரக் கட்டணம் விழாது என்பதே. இந்த நிகழ்ச்சியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தச் சின்னக் கணக்குத்தான். வலையமைப்பு வரலாற்றில் பெரிய இடம் பெற்ற ஒரு பொருள் எந்த மேசையில் அமர வேண்டும் என்பதைத் தொலைபேசிக் கட்டண வரைபடம் தீர்மானித்தது.

அதற்குச் சட்டத்தின் அனுமதியும் தேவைப்பட்டது. தொலைபேசி நிறுவனம் தராத எந்தக் கருவியையும் அதன் கம்பியோடு இணைக்கக் கூடாது என்ற நிலையை 1968-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 'கார்ட்டர்ஃபோன்' தீர்ப்பின் மூலம் தளர்த்தியது. அதன் பிறகே தனியார் மோடங்களுக்கு வழி பிறந்தது. 1981-இல் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்மார்ட்மோடம்', கணினி அனுப்பும் எழுத்துக் கட்டளைகளைக் கொண்டே எண்ணைச் சுழற்றவும், அழைப்பை எடுக்கவும், துண்டிக்கவும் செய்தது. 'கவனி' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு எழுத்துகளில் தொடங்கும் அந்தக் கட்டளைகளை மற்ற நிறுவனங்களும் பின்பற்றியதால், எந்த மோடத்தை வாங்கினாலும் அதே மொழிதான் என்றாயிற்று. இதைக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் சந்திப்போம்.

வேகத்தைப் பற்றிப் பேசாமல் அந்த நாட்களை விளக்க முடியாது. நொடிக்கு 300 பிட் என்ற வேகத்தில் ஒரு நொடிக்கு 30 எழுத்துகள் வரும். 80 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் கொண்ட ஒரு திரை நிறைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஓர் ஆள் படிக்கும் வேகத்துக்கு அது ஏறத்தாழ ஈடாக இருந்ததால், செய்தி வந்துகொண்டிருக்கும்போதே படித்துவிடலாம். 2400 பிட் மோடங்கள் 1980-களின் பிற்பகுதியில் பரவியபோது அதே திரை எட்டு நொடிகளில் நிறைந்தது. கோப்பு என்று வரும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 360 கிலோபைட் கொள்ளளவுள்ள ஒரு ஃபிளாப்பியின் முழு உள்ளடக்கத்தை 300 பிட் வேகத்தில் இறக்க மூன்றரை மணி நேரம் ஆகும். 2400-இல் அரை மணிக்குச் சற்றுக் குறையும். 1991-இல் தரப்படுத்தப்பட்ட 14,400 பிட் வேகத்தில் நான்கரை நிமிடத்துக்குள் முடியும். இடையில் வீட்டில் யாராவது வேறோர் அறையில் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டால் திரையில் பொருளற்ற குறிகள் சிதறும், பல வேளைகளில் இணைப்பே அறுந்துபோகும். இத்தகைய பழுதுகளைச் சமாளிக்கவே கிறிஸ்டென்சன் 1977-இலேயே எக்ஸ்மோடம் என்ற நெறியை எழுதியிருந்தார். கோப்பை 128 பைட்டுகளாகத் துண்டித்து, ஒவ்வொரு துண்டோடும் அதன் கூட்டுத்தொகையை அனுப்பி, மறுமுனை 'சரி' என்றால் அடுத்ததையும் 'தவறு' என்றால் அதே துண்டை மீண்டும் அனுப்பும் எளிய முறை அது. அதை அவர் விலை வைக்காமல் பொதுவில் விட்டார். 1986-இல் வந்த இசட்மோடம், அறுந்த இடத்திலிருந்தே தொடரும் வசதியைக் கொடுத்தது. பாதி இறங்கிய கோப்பை இழந்து முதலிலிருந்து தொடங்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரிந்திருக்கும்.

இனிக் கட்டணத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பல பகுதிகளில் மாத வாடகை கட்டியவருக்கு உள்ளூர் அழைப்பு எவ்வளவு நீண்டாலும் கூடுதல் செலவு கிடையாது. ஆனால் எல்லைக்கு வெளியே போகும் தொலைதூர அழைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் எடுத்தார்கள். இந்த ஏற்பாட்டின் விளைவு, ஒவ்வோர் உள்ளூர் அழைப்பு வட்டமும் ஒரு தீவு போல ஆனதுதான். ஒரு பலகைக்கு வருபவர்கள் யாவரும் ஏறக்குறைய ஒரே ஊரார். அவர்கள் ஒருவரையொருவர் நேரில் சந்திப்பது எளிது, சந்திக்கவும் செய்தார்கள். பலகையில் ஒருவரோடு கடுமையாகச் சண்டையிட்டவர் அடுத்த வாரம் அவரோடு ஒரே மேசையில் உணவருந்த நேரிடலாம் என்பதால் பேச்சுக்கு ஓர் எல்லை தானாக அமைந்தது. பிற்காலத்தில் பலரும் ஏக்கத்தோடு நினைவுகூரும் அந்த நெருக்கத்தை யாரும் திட்டமிட்டுக் கட்டவில்லை. தொலைதூரக் கட்டணம் என்ற வேலி அதைக் கட்டியது. உள்ளூர் அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் பணம் எடுத்த பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் பலகைகள் இருந்தன என்றாலும், ஓர் அழைப்பில் மணிக்கணக்கில் உலவும் பழக்கம் அங்கே அவ்வளவாக வேரூன்றாததற்கும் அதே கட்டணமே காரணம்.

வேலியைத் தாண்டும் ஆசை இல்லாமலில்லை. அதற்குக் கிடைத்த மிக அழகான விடை ஃபிடோநெட். 1984-இல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த டாம் ஜென்னிங்ஸ், தாம் எழுதிய 'ஃபிடோ' என்ற பலகை மென்பொருளைப் பால்டிமோரில் இயக்கிய ஜான் மாடிலோடு செய்திகளைப் பரிமாறிக்கொள்ள விரும்பினார். நாட்டின் இரு கரைகளுக்கும் இடையே பகலில் பேசினால் செலவு மிகுதி. நள்ளிரவுக்குப் பின் கட்டணம் குறைவு. ஆகவே, பகலெல்லாம் செய்திகளைச் சேர்த்து வைத்து, பின்னிரவில் ஒரு கணினி மற்றொன்றை அழைத்து மொத்தமாகக் கொட்டிவிடும்படி செய்தார்கள். இதற்கென்று ஒதுக்கப்பட்ட மணி வட அமெரிக்காவில் உலகப் பொது நேரம் 9 முதல் 10 வரை. அதாவது குளிர்காலக் கணக்கில் மேற்குக் கரையில் நள்ளிரவு 1 மணி, கிழக்குக் கரையில் விடியற்காலை 4 மணி. அந்த ஒரு மணி நேரம் பொதுமக்களின் அழைப்பை ஏற்காமல் பலகைகள் ஒன்றோடொன்று மட்டும் பேசிக்கொண்டன. யாருடைய எண் எது என்று கூறும் பட்டியல் வாரந்தோறும் சுற்றுக்கு வந்தது. அந்தப் பட்டியலில் ஓர் இலக்கம் பிழையாக விழுந்தால், தொடர்பே இல்லாத ஏதோ ஒரு வீட்டில் பின்னிரவில் தொலைபேசி மணி திரும்பத் திரும்ப அடிக்கும். எனவே எண்களைச் சரிபார்ப்பது உண்மையிலேயே பொறுப்பான வேலை.

பலகைகள் பெருகியதும், ஓர் ஊருக்கு வரும் செய்திகளையெல்லாம் அவ்வூரின் ஒரு பலகை மட்டும் தொலைதூர அழைப்பில் வாங்கி, மற்றவற்றுக்கு உள்ளூர் அழைப்பில் பிரித்துக் கொடுக்கும் முறை வந்தது. மண்டலம், வலை, கணு (தனிப் பலகை) என்று அடுக்கப்பட்ட ஃபிடோநெட் முகவரியைக் கூர்ந்து பார்த்தால் அது ஒரு கட்டண வரைபடமே. 1986 வாக்கில் பரவிய 'எக்கோமெயில்' ஏற்பாடு, ஒரு தலைப்பில் எழுதப்பட்ட செய்தியை அதில் சேர்ந்த எல்லாப் பலகைகளுக்கும் படியெடுத்து அனுப்பியது. 1990-களின் நடுவில் ஃபிடோநெட் பட்டியலிலிருந்த கணுக்களின் எண்ணிக்கை 40,000-ஐ நெருங்கியது. மையக் கணினி என்று ஒன்று இல்லை, நிறுவனம் இல்லை, செலவையெல்லாம் ஆயிரக்கணக்கான சிஸ்ஆப்புகள் தத்தம் தொலைபேசிக் கட்டணத்தில் ஏற்றுக்கொண்டார்கள். எய்ட்ஸ் நோயைப் பற்றிய மருத்துவத் தகவல் பலருக்கும் எட்டாதிருந்த ஆண்டுகளில், கலிஃபோர்னியாவின் சான் ஹுவான் கேபிஸ்ட்ரானோவில் சகோதரி மேரி எலிசபெத் நடத்திய 'ஏஜிஸ்' பலகை அந்தத் தகவலை இவ்வழியே தொலைவில் இருந்தவர்களுக்கும் கொண்டு சேர்த்தது. 1992 முதல், யுகோஸ்லாவியப் போரின்போது ஜாக்ரெப்புக்கும் பெல்கிரேடுக்கும் இடையே நேரடித் தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்த நிலையில், 'ஜமீர்' என்ற அமைதி ஆர்வலர் பலகைகள் ஜெர்மனி வழியே சுற்றி இரு பக்கத்தாரின் கடிதங்களையும் பரிமாறின. இந்த இரண்டையும் மறந்துவிட்டுப் பலகைகளை வெறும் பொழுதுபோக்காக மட்டும் பேசுவது நியாயமாகாது.

பொழுதுபோக்கும் இருந்தது, தாராளமாகவே. 'டிரேட்வார்ஸ்', 'லெஜண்ட் ஆஃப் த ரெட் டிராகன்' போன்ற விளையாட்டுகளில் ஒவ்வொருவரும் நாளுக்கு இத்தனை நகர்வு என்ற கணக்கில் ஆடினார்கள். ஒருவர் தூங்கும்போது மற்றொருவர் வந்து அவருடைய கோட்டையைத் தாக்கிவிட்டுப் போயிருப்பார். ஐ.பி.எம். கணினியின் 256 குறிகளையும் 16 நிறங்களையும் மட்டும் கொண்டு வரையப்பட்ட 'ஆன்சி' ஓவியங்கள், மோடத்தின் வேகத்தில் வரிவரியாகத் திரையில் விரிந்தன. கடையில் விற்காத மென்பொருள்கள், 'பயன்படுத்திப் பார், பிடித்தால் பணம் அனுப்பு' என்ற ஷேர்வேர் முறையில், பலகைகள் வழியாகவே ஊர் ஊராகப் பரவின. கோப்பு சிறிதானால் அழைப்பு நேரம் குறையும் என்பதால் சுருக்கும் நிரல்களுக்குப் பெரும் மதிப்பு இருந்தது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் 'ஜிப்' வடிவத்தை ஃபில் காட்ஸ் 1989-இல் வெளியிட்டதன் பின்னணி இதுதான். அதற்கு முந்தைய ஆண்டு 'ஆர்க்' வடிவத்தின் உரிமையாளர்கள் அவர்மீது தொடுத்த வழக்கில், சிஸ்ஆப்புகள் பலர் காட்ஸின் பக்கம் சாய்ந்து, தம் கோப்புக் கிடங்குகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றியதே 'ஜிப்' நிலைபெறக் காரணமாயிற்று.

1990-இல் அமெரிக்கக் காவல் அமைப்புகள் பலகைகள்மீது நடத்திய சோதனைகள் சிஸ்ஆப்புகளை அச்சுறுத்தின. அவ்வாண்டு மார்ச் 1 அன்று டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனத்தின் பலகைக் கணினி, அதிலிருந்த பிறருடைய தனிக்கடிதங்களோடு, எடுத்துச் செல்லப்பட்டது. 1993-இல் நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பலகைகளின் சரிவுக்கு இதைக் காரணமாகச் சொல்பவர்களும் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. அந்தச் சோதனைகளுக்குப் பிந்தைய நான்கு ஆண்டுகளில்தான் பலகைகள் உச்சத்தைத் தொட்டன.

சரிவுக்கான விதை அந்த உச்சத்திலேயே இருந்தது. முதலாவது, குறுந்தகடு. 1990-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான ஷேர்வேர் கோப்புகளை அடக்கிய குறுந்தகடுகள் விற்பனைக்கு வந்தன. வால்நட் க்ரீக் என்ற நிறுவனம் அவற்றில் பெயர் பெற்றது. ஒரு தகட்டில் 600 மெகாபைட்டுக்கு மேல். 40 மெகாபைட் வன்தட்டில் தேர்ந்தெடுத்துக் கோப்பு வைத்திருந்த சிஸ்ஆப் ஒரே இரவில் அதைப்போல் பதினைந்து மடங்கு வைத்திருப்பவராக ஆனார். பக்கத்துப் பலகையும் அதே தகட்டை வாங்கியது. கிடங்குகள் பெருத்தன, ஆனால் எல்லாம் ஒன்றுபோலாயின. இரண்டாவது, பல இணைப்புப் பலகைகள். விஸ்கான்சினில் பாப் மஹோனி 1983-இல் தொடங்கிய 'எக்செக்-பிசி' 250-க்கும் மேற்பட்ட இணைப்புகளோடு சந்தா வாங்கி நடந்தது. பலகை ஒரு தொழிலாக முடியும் என்பதை அது காட்டியது. வரிசை வரிசையாக மோடங்களையும் தொலைபேசி இணைப்புகளையும் கட்டணப் பதிவேட்டையும் வைத்து நடத்தும் திறன் உள்ளவர்களை அது உருவாக்கியது.

இந்த நிலையில்தான் இணையம் பொதுமக்களிடம் வந்தது. மொசைக் உலாவி 1993-இல் வெளியானது. அமெரிக்க அரசின் பணத்தில் இயங்கிய முதுகெலும்பு வலையமைப்பு 1995 ஏப்ரலில் ஓய்வு பெற்றதோடு, வணிகப் பயன்பாட்டுக்கு இருந்த தடை முற்றிலும் விலகியது. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, இணையத்தோடு தொலைபேசி வழியே இணைவதற்கான பகுதிகளைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. முன்பு தனியாக ஒரு நிரலைத் தேடிப் பிடித்து, கோப்பில் கட்டளை எழுதி அமைத்துக்கொண்டிருந்த வேலை ஓர் எண்ணையும் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுப்பதோடு முடிந்தது. 1996 டிசம்பரில் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் மாதம் 19.95 டாலருக்கு வரம்பற்ற நேரம் என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் அதன் இணைப்புகள் நிரம்பி வழிந்து, வாடிக்கையாளர்கள் மணிக்கணக்கில் பிஸி ஒலியையே கேட்டார்கள்; நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, அழைப்பவரின் மேசையில் எதுவும் மாறவில்லை என்பது. பலகைக்காக வாங்கிய அதே மோடம், அதே கணினி, அதே தொலைபேசி இணைப்பு, அதே உள்ளூர் அழைப்பு. சுழற்றும் எண் மட்டும் வேறு. முன்பு அந்த உள்ளூர் அழைப்பின் மறுமுனையில் ஒரு வீட்டின் ஒரு கணினி இருந்தது. இப்போது அதே கட்டணத்தில் மறுமுனையில் உலகமெல்லாம் இருந்தது. இரண்டு நாள் காத்திருந்து ஃபிடோநெட் வழியே வந்த கடிதம் சில நொடிகளில் வந்தது. வேலி இருந்தவரைதான் வேலிக்குள் இருந்த தோட்டத்துக்கு ஆள் வந்தார்கள். மேலும், பலகை அதுவரை வளர்த்திருந்த ஒவ்வொன்றும், அதாவது மோடம் வாங்கும் பழக்கம், கட்டளை மொழி, கோப்புச் சுருக்கம், திரையின் வழியே முகமறியாதவரோடு பேசும் துணிவு ஆகிய யாவும், புதிய எண்ணைச் சுழற்றுவதற்கு அப்படியே உதவின. இணையத்துக்கு முதலில் போனவர்கள் பலகையின் மிக நல்ல உறுப்பினர்களே. கேள்விகளுக்குப் பதில் எழுதியவர்களும் புதிய கோப்புகளைக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தாம். அவர்கள் போனதும் மீதமிருந்தவர்களுக்கு வந்து பார்க்கக் காரணம் குறைந்தது.

சிஸ்ஆப்புகளிலும் வலிமை மிக்கவர்களே முதலில் மாறினார்கள். மோடங்களின் வரிசையும் நூறு இணைப்புகளும் ஏற்கெனவே வைத்திருந்தவருக்கு, அவற்றின் பின்னால், இணையத்தோடு எப்போதும் இணைந்திருக்கும் ஒரு குத்தகைக் கம்பியை இணைத்தால் இணைய சேவை நிறுவனமாகிவிடலாம் என்பது எளிதில் விளங்கியது. எக்செக்-பிசி அவ்வழியே போனது. ஜாக் ரிக்கார்டு 1987 முதல் பலகைகளுக்காக நடத்திவந்த 'போர்டுவாட்ச்' பத்திரிகை படிப்படியாக இணைய சேவை நிறுவனங்களின் பத்திரிகையாயிற்று. அவர் கூட்டிய சிஸ்ஆப் மாநாடு 'ஐஎஸ்பிகான்' என்று பெயர் மாறியது. 'பிசிபோர்டு' மென்பொருளை உருவாக்கிய கிளார்க் டெவலப்மென்ட் 1997-இல் நொடித்தது. மோடங்களின் மொழியை வகுத்த ஹேய்ஸ் 1999-இல் கலைக்கப்பட்டது.

ஒற்றை இணைப்போடு வீட்டில் நடத்தியவரின் முடிவு இவ்வளவு தெளிவாக எங்கும் பதிவாகவில்லை. அவருடைய அழைப்புப் பதிவேட்டில் நாளுக்கு 40 பேர் என்றிருந்தது 15 ஆகி, ஐந்தாகி, வாரத்துக்கு ஒருவர் என்றாகியிருக்கும். இரண்டாவது தொலைபேசி இணைப்புக்கு மாதாமாதம் கட்டும் பணத்தை நியாயப்படுத்த முடியாத ஒரு நாளில் அவர் அதைத் துண்டிக்கச் சொல்லியிருப்பார். மென்பொருளும் அவருக்கு உதவவில்லை. பல பலகை நிரல்களும் விளையாட்டுகளும் டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழியின் ஒரு பகுதி, கணினியின் வேகத்தை அளந்து காத்திருப்பு நேரத்தைக் கணிக்கும்போது, வேகமான புதிய செயலிகளில் விடை அளவுக்கு மீறிப்போய், 'இயக்கப் பிழை 200' என்று காட்டி நின்றுவிடும். 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய கணினிகள் பரவிய 1990-களின் கடைசியில், நல்ல கணினி வாங்கிய சிஸ்ஆப்புக்குத் தம் பலகை திடீரென இயங்கவில்லை. அதை எழுதியவரோ களத்தைவிட்டு எப்போதோ போய்விட்டார். ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதிய நிரல்கள் 2000 பிறந்ததும் தடுமாறின. திருத்த முயற்சி எடுப்பதைவிட நிறுத்திவிடுவது எளிதாக இருந்தது.

எழுத்து மட்டுமே கொண்ட வடிவம் தன்னளவில் தோற்றுவிட்டது என்று சொல்வதற்கு எதிரான சான்று தைவானில் கிடைக்கிறது. அங்கே 1995-இல் ஒரு பல்கலைக்கழக மாணவர் தொடங்கிய 'பிடிடி' என்ற பலகை முழுக்க எழுத்துத் திரையாகவே இருந்து, வலைப்பக்கங்கள் பெருகிய காலத்திலும் நாட்டின் செல்வாக்குமிக்க விவாதக் களங்களில் ஒன்றாக வளர்ந்தது. அது தொலைபேசி எண்ணை நம்பியிருக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே பல்கலைக்கழக வலையமைப்பின் வழியே இயங்கியது. ரஷ்யாவிலோ உள்ளூர் அழைப்பு மலிவாகவும் இணையம் விலை உயர்ந்ததாகவும் இருந்த ஆண்டுகளில், மற்ற நாடுகளில் சுருங்கிக்கொண்டிருந்த ஃபிடோநெட் 2000-க்குப் பிறகும் உயிர்ப்போடு இருந்தது. இரண்டு எடுத்துக்காட்டுகளும் ஒரே திசையையே காட்டுகின்றன.

இழந்தவற்றைக் கணக்கெடுப்பது கடினம், ஏனெனில் பலகைகள் தம் பேச்சைத் தாமே அழித்துக்கொண்டிருந்தன. 20 மெகாபைட் வன்தட்டில் இடம் இல்லாததால், ஒவ்வொரு பகுதியிலும் கடைசி 100 அல்லது 200 செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு, பழையவற்றை இரவில் தானாகவே நீக்கும்படி அமைத்திருந்தார்கள். ஓவியங்களும் விளையாட்டுகளும் ஷேர்வேரும் குறுந்தகடுகளில் தப்பின. மக்கள் ஒருவரோடொருவர் பேசியதில் மிகப் பெரும்பகுதி தப்பவில்லை. பழைய எழுத்துக் கோப்புகளை 1998 முதல் திரட்டிவரும் ஜேசன் ஸ்காட் போன்றோரின் உழைப்பால் எஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதி.

கருவிகளைக் காப்பதில் நிலைமை சற்று மேல். பழங்கணினி ஆர்வலர்களின் முதல் எதிரி நேரம், இரண்டாவது எதிரி மின்கலம். 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் வந்த பல தாய்ப்பலகைகளில், கடிகாரத்துக்கென நீல நிற உறையிட்ட நிக்கல்-காட்மியம் மின்கலம் ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். பல ஆண்டுகள் பரணில் கிடந்த கணினியைத் திறந்தால், அந்த மின்கலத்தைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி படிந்து, கசிந்த காரம் செம்புப் பாதைகளைத் தின்றிருப்பதைக் காணலாம். ஆகவே பழைய கணினி கைக்கு வந்தால், இயக்கிப் பார்ப்பதற்கு முன் அதைத் திறந்து மின்கலத்தை வெட்டி எடு என்பதுதான் அனுபவசாலிகள் முதலில் சொல்லும் அறிவுரை. மின்தேக்கிகள் கசிகின்றன, ஃபிளாப்பி இயக்கிகளின் ரப்பர் பட்டைகள் இளகிப் பிசினாகின்றன, ஃபிளாப்பியின் காந்தப் பூச்சு உதிர்கிறது. இவற்றுக்கு மாற்று வழிகள் பிறந்துள்ளன. ஃபிளாப்பியின் காந்த மாற்றங்களை அப்படியே படியெடுக்கும் 'கிரியோஃப்ளக்ஸ்', 'கிரீஸ்வீசில்' போன்ற கருவிகள், பூட்டுப் போட்ட வட்டுகளையும் சிதைந்த வட்டுகளையும்கூடப் படித்துவிடுகின்றன. ஃபிளாப்பி இயக்கியின் இடத்தில் பொருத்தும் சிறு பெட்டி, நினைவுக்குச்சியில் உள்ள கோப்பை வட்டாகக் காட்டி, பழைய கணினியை இயங்க வைக்கிறது.

காக்க முடியாமல் போவது கணினிக்கு வெளியே இருந்த பாதி, அதாவது தொலைபேசி இணைப்பு. பழைய செம்புக் கம்பி வலையமைப்பைப் பல நாடுகள் நிறுத்திக்கொண்டிருக்கின்றன. பிரிட்டன் 2027 ஜனவரியை முடிவு நாளாக வைத்துள்ளது. அமெரிக்கா ஆன்லைன் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று முடித்துக்கொண்டது. குரலைப் பொட்டலங்களாக்கி அனுப்பும் இன்றைய தொலைபேசி, மனிதப் பேச்சுக்கு ஏற்றபடி ஒலியைச் சுருக்குகிறது. பொட்டலம் ஒன்று நொடியின் சிறு பகுதி தாமதித்தாலும் காதுக்குத் தெரியாது. மோடம் மட்டும் அதைப் பொறுக்காது. 300 பிட் மோடம் அதிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். வேகமானவை தடுமாறி இணைப்பை விட்டுவிடும். வார்டு கிறிஸ்டென்சன் 2024 அக்டோபரில் காலமானார். ராண்டி சூஸ் 2019 டிசம்பரிலேயே மறைந்திருந்தார்.

இன்றும் பல நூறு பலகைகள், இணையத்தின் வழியே எழுத்துத் திரையை எட்ட உதவும் டெல்நெட் என்ற நெறியில் இயங்குகின்றன. அவற்றைப் பழைய கணினியிலிருந்து எட்ட விரும்புவோர், கட்டைவிரல் அளவுள்ள கம்பியில்லா இணையச் சில்லு ஒன்றைக் கணினியின் தொடர்துறையில், அதாவது முன்பு மோடத்தை இணைத்த சீரியல் போர்ட்டில், பொருத்துகிறார்கள். அந்தச் சில்லுக்கு 1981-இன் ஹேய்ஸ் கட்டளைகள் தெரியும். கணினி வழக்கம்போல் 'எண்ணைச் சுழற்று' என்று கட்டளையிடும். தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இணைய முகவரி இருக்கும். சில்லு அதை அடைந்து, மோடம் சொல்லும் அதே சொல்லில், 'கனெக்ட் 2400' என்று பதில் கொடுக்கும். வரவேற்பு ஓவியம் வரிவரியாக விரியும். பழைய கணினிக்கு இதில் எந்த வேறுபாடும் தெரிவதில்லை. எந்த நேரத்தில் அழைத்தாலும் முதல் முறையிலேயே இணைப்பு கிடைக்கிறது. தமக்கு முன் வந்தவர் எப்போது முடிப்பார் என்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.